காசி யாத்திரைக்குப் புறப்படும் பெற்றோருக்கு வயிற்றுத் தொல்லை வராமலும், வந்தால் சமாளிக்கவும்

கேட்கப்பட்டது இது. அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. அம்மாவுக்கு 62 வயது. எலும்புத் தேய்மானத்துக்காகக் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார். இருவரும் ஒரு குழுவோடு ரயிலில் பிரயாக்ராஜ், காசி, கயா மூன்றுக்கும் போய்வரப் போகிறார்கள். சென்ற முறை வடக்கே போனபோது அப்பாவுக்குப் பேதி ஆயிற்று. அம்மாவுக்கோ நான்கு நாள் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும். இந்த முறை எதை எடுத்துப் போக வேண்டும், எதைச் சாப்பிடலாம், முன்னெச்சரிக்கையாக ஆண்டிபயாடிக் போட்டுக்கொள்ளலாமா என்று மகள் கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். நோய் வருவதற்கு முன்பே ஆண்டிபயாடிக் விழுங்கிவிட்டுப் புறப்படுவது இந்த வயதில் நன்மையைவிடத் தீமையே செய்யும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதைவிட முக்கியமான செய்தி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஒரே ரயிலில் ஏறி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட இருவரில் ஒருவருக்கு வயிறு போயிற்று, மற்றவருக்கு வயிறு கட்டிக்கொண்டது. இரண்டையும் "ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரே கணக்கில் எழுதிவிட்டு, மருந்துக் கடையில் "வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று ஒரே அட்டை மாத்திரையை வாங்கி இருவரும் பங்கிட்டுக்கொள்வதில்தான் பல குடும்பங்களில் பாதித் தொல்லை தொடங்குகிறது. பேதிக்கான மாத்திரை மலச்சிக்கலை இறுக்கும். மலச்சிக்கலுக்கான மாத்திரை பேதியைக் கிளப்பும். எனவே இருவருக்கும் தனித்தனியாகவே யோசிக்க வேண்டும்.

அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மலச்சிக்கலை யாரும் நோயாகவே மதிப்பதில்லை. அவருக்கு வந்ததற்கும் கிருமிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. காலையில் எழுந்து நடமாடியதும், வெந்நீரோ காபியோ உள்ளே இறங்கியதும், இரைப்பை நிறைவதை உணர்ந்து பெருங்குடல் அசையத் தொடங்கும். அப்போது எழும் உந்துதல் சில நிமிடங்களே நீடிக்கும். வீட்டில் அந்த நேரத்துக்குக் கழிப்பறை காலியாக இருக்கும். ரயிலில் அதே நேரத்தில் நான்கு பேர் வாளியும் பிரஷ்ஷுமாக வரிசையில் நிற்பார்கள். தரை ஈரமாக இருக்கும். தாழ்ப்பாள் சரியாக விழாது. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று திரும்பி வந்து உட்கார்ந்தால் உந்துதல் அடங்கிவிடும், ஆனால் மலம் உள்ளேயே தங்கி, அதிலுள்ள நீரைப் பெருங்குடல் மேலும் மேலும் உறிஞ்சிக்கொள்ள, இறுகிப்போகும். இரண்டு முறை இப்படி அடக்கினால் மூன்றாம் நாள் போக நினைத்தாலும் வராது.

இதோடு இன்னொரு பழக்கமும் சேர்கிறது. ரயிலேறும் நாளன்று காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்களை நம் வீடுகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாத்திரை விழுங்க ஒரு மடக்கு, சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்க ஒரு மடக்கு, அவ்வளவுதான். கேட்டால் "தாகமே இல்லை" என்பார்கள். சென்னையிலிருந்து காசிக்கு ஏறக்குறைய இரண்டு நாள் பயணம். அந்த இரண்டு நாளில் தண்ணீர் குடிக்காததன் விளைவு மலச்சிக்கல் மட்டுமன்று. சிறுநீர்க் கடுப்பும், சில சமயம் காய்ச்சலோடு கூடிய சிறுநீர்த் தொற்றும் அதன் பின்னாலேயே வரும். என் அனுபவத்தில், யாத்திரை போய் வந்த பெண்களை அதிகம் படுத்துவது வெளிச்சாப்பாட்டைவிட இந்தத் தண்ணீர் விரதம்தான்.

ஆகவே அம்மாவுக்கு மாத்திரையைவிட முதலில் தேவைப்படுவது கழிப்பறைக்குப் போய்வரும் தைரியமும் துணையும். விடிவதற்கு முன், பெட்டி எழுந்துகொள்வதற்கு அரைமணி முன்னால், ஃபிளாஸ்க்கில் இருக்கும் வெந்நீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே சிறிது நடக்கச் சொல்லுங்கள். அப்பா கதவுக்கு வெளியே தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்கட்டும். கழற்றி மாட்ட எளிதான ரப்பர்ச் செருப்பு, சிறு டார்ச், சோப்பு, ஒரு பழைய துண்டு இவை தனிப் பையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கழிப்பறை அசுத்தமாக இருந்தால் சகித்துக்கொண்டு அடக்குவதைவிட 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் புகார் செய்வது நல்லது. முழங்கால் மடங்காதவர்கள் மேலைநாட்டுக் கழிப்பறையில்தான் உட்கார முடியும்; தங்கும் விடுதியில் காலடியில் ஒரு தாழ்ந்த பலகையோ சிறு முக்காலியோ போட்டு, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும்படி உட்கார்ந்தால் மலம் இறங்குவது எளிதாகும். கேட்கச் சிறிய விஷயம். ஆனால் பலருக்கு மருந்தே தேவைப்படாமல் செய்துவிடும்.

மலத்தை இளக்கும் இசப்கோலைப் புறப்படும் நாளில் புதிதாகத் தொடங்காமல், மூன்று நான்கு நாள் முன்பே வீட்டில் தொடங்கிப் பாருங்கள். இரவில் இரண்டு தேக்கரண்டி உமியை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கலந்து, கூழாகும் முன் குடித்து, மேலும் ஒரு டம்ளர் நீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குடிக்க மறுப்பவருக்கு இசப்கோல் கொடுத்தால் அது உள்ளே உப்பிக்கொண்டு நிலைமையை இன்னும் மோசமாக்கும். அப்படிப்பட்டவருக்கு லாக்டுலோஸ் போன்ற மருந்து பொருத்தமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. கால்சியம் மாத்திரைகளும் இரும்புச்சத்து மாத்திரைகளும் மலத்தை இறுக்கக்கூடியவை. பயணம் முடியும்வரை கால்சியத்தை நிறுத்திவைக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். பழத்தைப் பொறுத்தவரை நீங்கள் போகும் ஊர் கொடுத்துவைத்த ஊர்: குளிர்காலத்தில் பிரயாக்ராஜில் கிடைக்கும் இலாகாபாத் கொய்யா நாடறிந்தது. முழுப் பழமாக வாங்கி, நல்ல தண்ணீரில் கழுவி, சொந்தக் கத்தியால் நறுக்கிச் சாப்பிடட்டும். வண்டிக்காரர் நறுக்கி மசாலா உப்புத் தூவித் தருவதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அங்கே பழத்தின்மீது சந்தேகமில்லை, கத்தியின்மீதும் அதைக் கழுவிய நீரின்மீதும்தான் சந்தேகம்.

உப்புசத்துக்கு மலச்சிக்கல் ஒரு காரணம் என்றால், ரயிலில் மணிக்கொரு முறை குடிக்கும் பால் தேநீர் இன்னொரு காரணம். வயது வந்த பின் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி நம்மில் பலருக்குக் குறைந்துவிடும். வீட்டில் இரண்டு காபியோடு நிற்கிறவரை அது தெரியாது, ஆறு தேநீரும் ஒரு ரபடியும் போனால் தெரியும். பூரி, கொண்டைக்கடலை, ராஜ்மா, உருளைக்கிழங்கு ஆகியவை அடுத்தடுத்து வருவதும் வாயுவைக் கூட்டும். பெருங்காயமும் இஞ்சியும் போட்ட மோர், சீரகத் தண்ணீர், ஓமம் இவற்றால் பலருக்கு ஆறுதல் கிடைக்கிறது, கெடுதல் இல்லை. ஆனால் வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் அது வாயுத் தொல்லையாக இராமல் குடல் அடைப்பாக இருக்கலாம். சீரகத் தண்ணீரோடு காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி அப்பா. அவருக்கு வந்தது பெரும்பாலும் கிருமி கலந்த உணவாலோ நீராலோ வந்த பேதி. இதில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோவதெல்லாம் பத்திரம், வெளியே வாங்குவதெல்லாம் ஆபத்து என்று நினைக்கிறோம். உணவைப் பாதுகாப்பது சூடும், ஈரமின்மையும், புளிப்பும். யார் சமைத்தார் என்பது அதற்கு அடுத்ததுதான். சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் கொதியிலும் சாவதில்லை. விடியற்காலை வடித்த சோற்றைக் கொதிக்கக் கொதிக்கத் தூக்கில் அடைத்து மூடினால், உள்ளே மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நீடிக்கிறது; அந்த வெதுவெதுப்பில் வித்துக்கள் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வரும். சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு, பிறகு கலந்து கட்ட வேண்டும் என்று நம் பாட்டிமார் வற்புறுத்தியது எவ்வளவு சரி என்பது இங்கேதான் விளங்குகிறது.

புளியோதரை பயணச் சாப்பாடாக நிலைத்ததற்குக் காரணம், புளியும் எண்ணெயும் சேர்ந்து கிருமிகளுக்கு இடம் கொடுக்காததே. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லியும் அப்படியே. தேங்காய்ச் சட்னியைக் கட்டவே கட்டாதீர்கள்; அரைத்த தேங்காய் அவ்வளவு சீக்கிரம் கெடும். தயிர்சாதம் வேண்டுமென்றால், குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரு கரண்டி மட்டும் சேர்த்துப் பிசைந்தால் மதியத்துக்குப் பதமாக இருக்கும்; அதை மறுநாள் காலைவரை வைத்திருக்கக் கூடாது. முதல் நாள் வீட்டுக் கட்டுச்சோறு போதும். இரண்டாம் நாள் முதல் பொரி, பொட்டுக்கடலை, முறுக்கு, சப்பாத்தி, வாழைப்பழம், வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் சத்துமாவுக் கஞ்சி ஆகியவற்றோடு, ரயிலில் ஆவி பறக்க வரும் உணவை மட்டும் வாங்கட்டும். எடுத்துப் போன புளியோதரை வீணாகிறதே என்று மூன்றாம் நாள் அதை ஒப்பேற்றும் சிக்கனம் வேண்டாம்.

காசியிலும் இதே அளவுகோல்தான். காலையில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதே எடுத்துத் தரும் கச்சோரியைவிட, அதன் பக்கத்தில் திறந்த கிண்ணத்தில் இருக்கும் பச்சைச் சட்னிதான் ஆபத்து. நறுக்கிய வெங்காயம், வெள்ளரி, பானிபூரித் தண்ணீர், பனிக்கட்டி போட்ட பானம் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கடுகெண்ணெய் நம் வயிற்றுக்குப் புதிது. அது நஞ்சன்று என்றாலும், எண்ணெயில் மிதக்கும் பண்டங்களை முதல் இரண்டு நாள் பாதியாகக் குறைத்துக்கொண்டால் நெஞ்சு கரிக்காது. தண்டாய் என்னும் மசாலாப் பால் வாங்கும்போது அதில் பாங் (அரைத்த கஞ்சா இலை) கலந்திருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். அங்கே பாங் அரசு உரிமத்தோடு விற்கப்படும் பொருள். தெரியாமல் குடித்த முதியவருக்குப் படபடப்பும் தலைச்சுற்றலும் குழப்பமும் வரும், உடன் இருப்பவர்கள் பக்கவாதமோ என்று பயந்துபோவார்கள். நான்கு நாள் சப்பாத்திக்குப் பிறகு ரசம் சாதத்துக்கு ஏங்கினால், கோதௌலியாப் பக்கம் நகரத்தார் சத்திரமும், தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் அனுமான் காட் பகுதியும் இருக்கின்றன. விசாரித்தால் தென்னாட்டுச் சாப்பாடு கிடைத்துவிடும்.

கங்கை நீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. நீராடுவதற்கு ஏற்ற ஆறு என்று நம் நாட்டு விதிகள் வகுத்திருக்கும் அளவு, 100 மில்லி நீரில் மலக்கிருமி 2,500 வரை இருக்கலாம் என்பது. குடிநீரிலோ அது அறவே இருக்கக் கூடாது. ஆக, நீராடத் தகுந்தது என்று சான்று பெற்ற நீர்கூடக் குடிக்கத் தகுந்ததாகிவிடாது. தலையில் தெளித்துக்கொள்ளட்டும், மூழ்கி எழட்டும், வாயை மூடிக்கொண்டே மூழ்கட்டும். ஆசமனத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன நீரில் இரண்டு சொட்டுக் கங்கையைச் சேர்த்துக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சாஸ்திரத்துக்கும் வயிற்றுக்கும் சேர்த்தே வழி கண்டவர்கள் அவர்கள். குடிக்க ரயிலில் முத்திரை உடையாத ரயில் நீர் பாட்டில், விடுதியில் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்து ஆறிய நீர். பல் துலக்கவும் அதே நீர்தான். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கைத்தேய்ப்புத் திரவம் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பேதி வரலாம். ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால் அதைப் பேதியாகவே எடுத்துக்கொண்டு, அந்த நிமிடமே ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலைத் தொடங்க வேண்டும். பயணப் பேதி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தானே அடங்கிவிடும். அதுவரை உடம்பில் நீர் வற்றாமல் காப்பதே உண்மையான சிகிச்சை. 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பான்கான் அகதி முகாமில் காலராவுக்கு ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரிய கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது. அப்படிப்பட்ட மருந்தை, விலை மலிவு என்பதாலேயே நாம் மட்டமாக நினைக்கிறோம்.

அதைக் கலப்பதில்தான் தவறு நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கொட்டிக் குடித்தால், அந்த அடர்த்தியே குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து, ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். சிறிது சிறிதாக நாள் முழுவதும் குடித்து, 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். சர்க்கரை நோயாளி குடிக்கலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய கலவையில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், ஒரு சிறிய கோலா பாட்டிலில் அதைவிட அதிகச் சர்க்கரை இருக்கும். எனவே அப்பா தாராளமாகக் குடிக்கலாம். இதய வீக்கமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அட்டைப் பெட்டியில் பழச்சுவையோடு வரும் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா. சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு அந்தப் பெயரை வைத்து விற்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. பழைய சரக்கு எங்காவது கண்ணில் படலாம். பொட்டலமே கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் நல்ல நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து கலந்தால் தற்காலிகமாகப் போதும். பட்டினி வேண்டாம், கஞ்சி, இட்லி, வாழைப்பழம், மோர்சாதம் போகட்டும்.

இப்போது மாத்திரைகள். லோபரமைடு குடலின் ஓட்டத்தைத் தணிக்கும். காய்ச்சலும் இரத்தமும் இல்லாத நீர்ப்பேதியில், ரயிலிலோ பேருந்திலோ போயே ஆக வேண்டிய நாளில் மட்டும், முதலில் இரண்டு மாத்திரையும் (ஒவ்வொன்றும் 2 மி.கி.) பிறகு ஒவ்வொரு முறை போனபின் ஒன்றும், மருத்துவரைக் கேட்காமல் நாளொன்றுக்கு நான்குக்கு மிகாமல் போட்டுக்கொள்ளலாம். காய்ச்சலோ சளியும் இரத்தமுமான மலமோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. வெளியேற வேண்டிய கிருமியைக் குடலுக்குள் பூட்டிவைப்பதாகிவிடும்.

ஆண்டிபயாடிக்குக்கு வருகிறேன். நம் ஊர் மருந்துக் கடைகளில் பேதி என்றதும் எடுத்துத் தருவது நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த மாத்திரை. அந்த முதல் மருந்து சேர்ந்த குடும்பத்துக்குத் தெற்காசியக் கிருமிகள் பலவும் பழகிப்போய்விட்டன. வேலை செய்வது உறுதியில்லை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு அது குதிகால் தசைநாரைப் பாதிக்கும் ஆபத்து அதிகம்; சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கவும் கூடும். குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் அழிப்பதால், பேதியை நிறுத்தப் போட்ட மருந்தே பேதியைத் தரும். காய்ச்சலோடு கூடிய கடும் பேதிக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கையில் வைத்திருப்பது வேறு, அதில் தவறில்லை.

அப்பாவின் அன்றாட மருந்துகளே பேதியின்போது ஆபத்தாகலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. நீர் வற்றிய உடம்பில் டெல்மிசார்டான் போன்ற அழுத்த மாத்திரைகளும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஆகிய சர்க்கரை மாத்திரைகளையும் கடும் பேதி, வாந்தி நாட்களில் நிறுத்திவைக்கச் சொல்வதுண்டு. எதை, எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று புறப்படும் முன் மருத்துவரிடம் ஒரு சீட்டில் தமிழில் எழுதி வாங்குங்கள். இந்தப் பயண ஏற்பாடுகளில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கயாவில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. பிண்டதானம் முடியும்வரை சாப்பிடுவதில்லை என்பது வழக்கம். ஃபல்கு நதிக்கரை, விஷ்ணுபாதம், அட்சயவடம் என்று மூன்று இடமும் சுற்றி முடிக்க நண்பகல் தாண்டிவிடும். காலை மாத்திரையைப் பழக்கத்தில் விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு வெயிலில் உட்காரும் சர்க்கரை நோயாளிக்கு, கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுத்திருந்தால், சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். முந்தின நாள் பேதி வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். உடல்நிலையைச் சொன்னால் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளப் பெரும்பாலான சாஸ்திரிகள் தடை சொல்வதில்லை. அதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். சடங்கு முடிந்த பசியில் ஒரே மூச்சில் விருந்து சாப்பிடுவதும் வேண்டாம். அங்கே ஒரு காயும் ஒரு பழமும் விட்டுவிட்டு வருவது மரபு; அம்மா கொய்யாவையும் வாழைப்பழத்தையும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மலச்சிக்கல்காரருக்கு அவை ஆயுளுக்கும் வேண்டும்.

காசியிலிருந்து கயாவுக்கு வேனில் போவதாக இருந்தால் ஐந்தாறு மணி நேரம் ஆகும். குமட்டல் வரும் சுபாவம் உள்ளவர் முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும். வயிறு காலியாகவும் வேண்டாம், நிறையவும் வேண்டாம். அவோமின் மாத்திரை முதியவர்களுக்குத் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரையும் அடைக்கலாம் என்பதால், அதை முதலில் எடுக்காமல் இஞ்சியை முயன்று பார்க்கலாம்.

நெஞ்செரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் நேரம்தான். இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு, நடு பெர்த்தைத் தூக்கி மாட்டியதும் எல்லோரும் படுத்தே ஆக வேண்டியிருக்கிறது. சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துக்கொண்டு, தலைப்பக்கம் பையை வைத்து உயர்த்தி, இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வழக்கமாகப் போடுபவர் அதைக் காலை உணவுக்கு அரைமணி முன் போட வேண்டும். எரிச்சல் வந்தபின் போட்டால் உடனே கேட்காது. நெஞ்செரிச்சலுக்கென்று நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புப் பொடிகளில் சோடியம் அதிகம். இரத்த அழுத்தம் உள்ள அப்பாவுக்கு அது அன்றாட மருந்தாகிவிடக் கூடாது.

இந்த இடத்தில் எரிச்சலைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நெஞ்சில் அழுத்தமோ மேல்வயிற்று வலியோ வந்தால் "வாயு பிடித்துக்கொண்டது" என்று சொல்லி, சோடா வாங்கிக் கொடுத்து, முதுகைத் தட்டிவிட்டு, விடியட்டும் என்று காத்திருப்பது நம் வழக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு பல சமயம் நெஞ்சு வலியே இல்லாமல், குமட்டலும் வியர்வையும் மூச்சிரைப்பும் மேல்வயிற்றுச் சங்கடமுமாகவே வரும். வழக்கமான நெஞ்செரிச்சலுக்கு மாறாக, வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ வலி பரவினாலோ, நாலடி நடந்தால் அதிகமானாலோ, ரயிலில் இருந்தால் 139ஐ அழைத்து டிக்கெட் பரிசோதகரிடமும் சொல்லி அடுத்த நிலையத்தில் மருத்துவரை வரவழைக்க வேண்டும். ஊரில் இருந்தால் 112. வாயுவாகவே இருந்துவிட்டால் நல்லது, யாரும் குறைசொல்லப் போவதில்லை.

பேதியில் எப்போது மருத்துவமனை என்பதையும் குழுத் தலைவருக்குத் தெரியப்படுத்திவிடுங்கள்: மலத்தில் இரத்தம், 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தியாகப் போவது, ஆறேழு மணி நேரம் சிறுநீர் பிரியாதது, எழுந்தால் தலைசுற்றுவது, பேச்சில் குழப்பம், தார்போலக் கறுத்த மலம். கடைசியில் சொன்னது இரும்புச்சத்து மாத்திரையாலும் வரலாம். அந்த மாத்திரை போடாதவருக்கு வந்தால் உள்ளே இரத்தக் கசிவாக இருக்கலாம்.

மருந்துப் பையை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின்மீதும் பெயரைப் பெரிதாக எழுதிவிடுங்கள். அம்மாவின் பையில் இசப்கோல்; அப்பாவின் பையில் லோபரமைடும், மருத்துவர் எழுதிய சீட்டும், குளுக்கோஸும், சர்க்கரை பார்க்கும் கருவியும். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் இருவரிடமும் தலா ஆறு இருக்கட்டும். கூட்டத்தில் ஒருவர் ஒருபக்கமும் மற்றவர் மறுபக்கமும் போய்விடுவதுண்டு.

திரும்பி வந்தபின் இரண்டு வாரத்துக்குமேல் வயிறு சரியாகாமல், நாற்றமுள்ள ஏப்பமும் உப்புசமும் இளகிய மலமுமாக இழுத்துக்கொண்டே போனால், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி இருக்கிறதா என்று மலப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரே மாதிரி போதாமல் இரண்டு மூன்று நாள் மாதிரி தேவைப்படலாம். விடாத காய்ச்சல் இருந்தால், வயிறு சரியாக இருந்தாலும், டைஃபாய்டுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மருத்துவரிடம் போகும்போது எந்தெந்த ஊருக்குப் போனார்கள், எந்த நாளில் தொடங்கியது, இடையில் என்ன மாத்திரை போட்டார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தக் காலி அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.